அருவாளில் பளபளப்பது விளிம்பு மட்டும்தான்

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு கணினி கேம்களுக்கு முப்பரிமாண ஆயுத மாடல் செய்து கொடுப்பது என் பிழைப்பு. வேலை பழக வருகிற பிள்ளைகள் முதலில் காட்டுவது பெரும்பாலும் ஒரு கத்தியாக இருக்கும். பிடியிலிருந்து நுனி வரை புது எவர்சில்வர் தட்டு மாதிரி ஜொலிக்கும். "பளபளப்பு கம்மியா இருக்காண்ணே?" என்று கேள்வி வேறு.

பதில் சொல்லாமல் மேசை இழுப்பறையிலிருந்து அருவாளை எடுத்துக் கொடுத்துவிடுவேன். எங்கள் மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அருவாள். உலையில் காய்ந்து சம்மட்டி அடி வாங்கிய உடம்பு கறுத்து மங்கிக் கிடக்கும். சாணை பிடித்த விளிம்பு மட்டும் வெள்ளிக் கோடாக மின்னும். பிடியோரம் பித்தளைப் பூண். பிடி வெறும் மரம்தான், ஆனாலும் உள்ளங்கை படுகிற இடம் வியர்வையில் வழவழத்து லேசாக மினுங்கும். ஒரு அருவாளுக்குள் நாலு விதப் பளபளப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வைத்தால் அது பொம்மைக் கத்திதான்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் நானே மாட்டியிருக்கிறேன். முதன்முதலில் காசு வாங்கிச் செய்த அருவாளில், விளிம்பு மின்ன வேண்டும் என்று நிறத்துக்கான டெக்ஸ்சரிலேயே (மாடல் மேல் போர்த்துகிற படம்) வெள்ளைக் கோடு இழுத்து அனுப்பினேன். வெளியூர் நிறுவனத்திலிருந்து ஒரே வரியில் திரும்பி வந்தது: "விளக்கை அணைத்த பிறகும் உங்கள் கத்தி மின்னுகிறது." எதிரொளிப்பு வரையக்கூடியது அல்ல. எந்த இடம் எதிரொளிக்கும் என்று காட்டுவதோடு நம் வேலை முடிந்தது. ஒளியை எஞ்சின், அதாவது கேமைத் திரையில் வரைகிற மென்பொருள், பார்த்துக்கொள்ளும்.

அப்படிக் காட்டுவதற்குத்தான் மாஸ்க். கறுப்பு வெள்ளையில் ஒரு படம், அவ்வளவே. இன்றைய எஞ்சின்களில் அது இரண்டாகப் பிரிகிறது: மெட்டாலிக் (உலோகமா இல்லையா), ரஃப்னெஸ் (எவ்வளவு சொரசொரப்பு). இரண்டையும் போட்டுக் குழப்பாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆத்தங்குடிக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். சிமெண்டும் மணலும் நிறப் பொடியும்தான் அது, சூளையில் சுடுவதுகூட இல்லை. கண்ணாடிப் பலகை மேல் வார்ப்பதால் கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வருகிறது. பளபளக்கிறது என்பதற்காக அதை உலோகம் என்போமா? அதற்கு மெட்டாலிக் 0, ரஃப்னெஸ் குறைவு. அருவாளின் விளிம்புக்கு மெட்டாலிக் 1, ரஃப்னெஸ் குறைவு. துருவுக்கு மெட்டாலிக் 0, ரஃப்னெஸ் அதிகம். இரும்பில் பிறந்தாலும் துரு உலோகம் இல்லை. மரம், கல் போன்றவை நேர்ப்பார்வையில் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத்தான் எதிரொளிக்கும். உலோகம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும், தன் நிறத்தையும் ஏற்றி அனுப்பும். பித்தளைப் பூணில் விழுகிற பிம்பமே மஞ்சளாக இருப்பது அதனால்தான். பாதி உலோகம் என்று எதுவும் கிடையாது. மெட்டாலிக் மாஸ்க்கில் சாம்பல் நிறத்தைப் பரவலாகப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். துருவும் இரும்பும் கலக்கிற ஓரங்களில் இருந்தால் சரி.

விளிம்புக்கு ஒரு மெட்டீரியல் (பரப்பு எப்படித் தெரிய வேண்டும் என்கிற அமைப்பு), பூணுக்கு ஒன்று, பிடிக்கு ஒன்று என்று பிரித்து வைப்பவர்களும் உண்டு. வேண்டாம். மெட்டீரியல் கூடக்கூட எஞ்சினுக்கு வரைகிற வேலை கூடும். ஒரே மெட்டீரியலும் நல்ல மாஸ்க்கும் போதும்.

இனி, யாரும் சொல்லித் தராத ஒன்று. மாஸ்க்கை எஞ்சினுக்குள் கொண்டுவரும்போது எஸ்ஆர்ஜிபி குறியை (படத்தை நிறமாக எண்ணி மதிப்புகளை மாற்றிப் படிக்கச் சொல்வது) எடுத்துவிட வேண்டும். அது நிறப் படத்துக்கானது. எடுக்க மறந்தால், நீங்கள் 0.5 என்று வைத்த ரஃப்னெஸ் 0.21 பக்கம் இறங்கிவிடும். மங்கலாக இருக்க வேண்டிய அருவாள் உடம்பு எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். காரணம் தெரியாமல் மாஸ்க்கை நாள் முழுக்கத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். சேனலையும் பாருங்கள்: ஒரு படத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா என்று இருக்கிற தனித்தனி அடுக்குகள்தான் அவை. ஜிஎல்டிஎஃப் என்கிற முப்பரிமாண மாடல் கோப்பில் ரஃப்னெஸ் பச்சையில், மெட்டாலிக் நீலத்தில். யூனிட்டி எஞ்சினின் வழக்கமான ஷேடரில் (பரப்பை வரைகிற நிரல்) மெட்டாலிக் சிவப்பில்; ஆல்ஃபாவில் இருப்பது ஸ்மூத்னெஸ், அதாவது ரஃப்னெஸ்ஸின் தலைகீழ்.

2004-இல் வந்த சோர்ஸ் எஞ்சினுக்கு இன்னும் மாட் (வந்துவிட்ட கேமில் ரசிகர்கள் செய்கிற மாற்றம்) செய்கிறவர்களுக்குத் தலைகீழ் வேறு இடத்தில் காத்திருக்கிறது. அங்கே நிற டெக்ஸ்சரின் ஆல்ஃபாவை மாஸ்க்காக வைத்தால் கறுப்பு இருக்கிற இடம்தான் பளபளக்கும். நார்மல் மேப்பின் (பரப்பின் மேடுபள்ளத்தைக் காட்டுகிற படம்) ஆல்ஃபாவில் வைத்தால் வெள்ளை இருக்கிற இடம். இது புரியாமல் பிடி மின்னி, விளிம்பு மங்கிப் போன அருவாளைக் கொண்டுவந்து எஞ்சினைத் திட்டிய தம்பி ஒருவர் உண்டு. திட்டு நியாயமானதுதான் என்று எனக்கும் தோன்றியது.

போன மாதம் ஒரு செட்டிநாட்டு வீட்டுக் காட்சி. மாஸ்க், சேனல் எல்லாம் சரி. ஆனால் வளவுக்குள் (வீட்டின் உள்முற்றப் பகுதி) அருவாளோடு நடந்தால் விளிம்பில் தெரு வானம் நீலமாகத் தெரிகிறது. உலோகத்துக்குச் சொந்தப் பளபளப்பு இல்லை, சுற்றி இருப்பதைத்தான் காட்டும். அந்தச் சுற்றுப்புறத்தைப் படம்பிடிக்கிற ரிஃப்ளெக்‌ஷன் ப்ரோப் முகப்பில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வளவில் இன்னொன்று வைத்து மறுபடி பேக் செய்தோம், அதாவது சுற்றுப்புறத்தைப் புதிதாகப் படம்பிடித்து வைத்தோம். விளிம்பில் தேக்குத் தூண்கள் இறங்கின.