ரெட்லைனிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் இனநீதிக்காகவும் பொருளாதார நீதிக்காகவும் வாதாடும் பொதுநல வழக்கறிஞர்களின் மனுக்களில் அடிக்கடி தென்படும் சொல் 'ரெட்லைனிங்'. கடன் கேட்பவரின் வருமானம் என்ன, திருப்பிக் கட்டும் நாணயம் உண்டா என்றெல்லாம் பார்க்காமல், அவர் எந்தப் பகுதியில் வீடு வாங்குகிறார் என்பதைப் பார்த்தே வங்கி கையை விரித்துவிடுவதை இது குறிக்கும். பகுதி என்பது சாக்கு. அங்கே கருப்பினத்தவர் வாழ்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் உண்மைக் காரணம்.

பெயரில் இருக்கும் சிவப்பு வெறும் உருவகம் அல்ல. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1933-இல், வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்ற அரசு அமைப்பு உருவானது. அது 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. கடன் கொடுக்க மிகச் சிறந்த பகுதிக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், சரிந்துவருவதற்கு மஞ்சள், 'ஆபத்தானது' என்று முடிவு கட்டியதற்குச் சிவப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படிவமும் உண்டு. அதில் 'நீக்ரோ' என்றொரு கட்டம்: உண்டா இல்லையா, இருந்தால் எத்தனை சதவீதம். பக்கத்திலேயே 'ஊடுருவல்' என்று இன்னொரு கட்டம். குடிவந்த குடும்பங்களை எதிரிப் படையைப் போலக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

இந்த வரைபடங்கள் இன்று பெற்றிருக்கும் புகழ் கொஞ்சம் மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவற்றை வரைந்த கழகமே சிவப்புப் பகுதிகளிலும் கடன் கொடுத்திருக்கிறது. பெரிய பாவம் 1934-இல் வந்த கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகத்தைச் சேரும். வங்கிகளின் வீட்டுக்கடனுக்குக் காப்புறுதி தருவது அதன் வேலை. ஒரு குடியிருப்பு நிலையாக இருக்க வேண்டுமானால் அங்கே ஒரே சமூக, இன வகுப்பினரே தொடர்ந்து குடியிருக்க வேண்டும் என்று அதன் 1938-ஆம் ஆண்டுக் கையேடு எழுத்திலேயே சொன்னது. டெட்ராய்டில் ஒரு கட்டுமான நிறுவனம் வெள்ளையருக்காகக் குடியிருப்பு கட்ட முனைந்தபோது, பக்கத்தில் கருப்பினத்தவர் இருக்கிறார்கள் என்று காப்புறுதி கிடைக்கவில்லை. 1941-இல் அந்நிறுவனம் நடுவே ஆறடி உயரத்தில், ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பியது. காப்புறுதி கிடைத்துவிட்டது. அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது.

வழக்கம் முப்பதுகளில் வந்துவிட்டாலும் அதற்குப் பெயர் கிடைத்தது அறுபதுகளில்தான். சிகாகோவின் சமூகவியலாளர் ஜான் மெக்நைட் இச்சொல்லை உருவாக்கியதாகச் சொல்வார்கள். 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், நியாயமான வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. வீட்டுக்கடனில் இனப் பாகுபாடு அதன்பின் சட்டவிரோதம்.

ஆனால் அதை நிரூபிப்பது எப்படி? தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் வங்கி ஏதாவதொரு காரணம் சொல்லிவிடும். ஆயிரம் விண்ணப்பங்களை வரிசையாக அடுக்கினால்தான் உள்ளே இருக்கும் ஒழுங்கு தெரியும். 1975-இல் வந்த சட்டம், எந்தப் பகுதியில் எவ்வளவு கடன் கொடுத்தோம் என்று வங்கிகள் வெளியிட வேண்டும் என்றது. விண்ணப்பித்தவரின் இனத்தையும் பதிய வேண்டும் என்ற திருத்தம் 1989-இல் வந்தது. வழக்கறிஞர்களின் கையில் இருக்கும் முக்கியமான ஆயுதம் இந்தப் பட்டியல்தான். கெட்ட எண்ணத்தை நிரூபிக்க முடியாவிட்டாலும், விளைவில் பாகுபாடு இருந்தால் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்கலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொன்னது.

இனி தமிழுக்கு வருவோம். 'சிவப்புக் கோடு' என்றால் தாண்டக் கூடாத எல்லை என்றுதான் நாம் புரிந்துகொள்வோம். வெளியுறவுச் செய்திகள் அப்படிப் பழக்கிவிட்டன. போதாததற்கு, ஒப்பந்த வரைவில் திருத்தங்களைக் குறித்துக் காட்டுவதையும் வழக்கறிஞர்கள் ரெட்லைன் என்றே சொல்கிறார்கள். ஆக நேர்ப்பெயர்ப்பு உதவாது. 'வட்டார ஒதுக்கல்' இன்னும் மோசம். ஒதுக்குதல் என்பது ஒருவரைத் தள்ளிவைப்பதும் ஆகும், ஒருவருக்காக எடுத்துவைப்பதும் ஆகும். இட ஒதுக்கீடு என்று நாளெல்லாம் பேசும் நமக்கு இரண்டாவது பொருள்தான் முதலில் வரும். 'புறக்கணிப்பு' பரவாயில்லை, ஆனால் கவனக்குறைவு போன்ற ஒரு சாயல் அதில் உண்டு. என் தேர்வு 'வட்டார மறுப்பு'. மறுப்பு என்றால் கேட்ட ஒருவரும் இல்லை என்று சொன்ன ஒருவரும் இருக்க வேண்டும். வழக்கில் வாதியும் பிரதிவாதியும் அவர்களே. தேவைப்படும் இடத்தில் 'வட்டாரக் கடன் மறுப்பு', 'வட்டாரக் காப்பீட்டு மறுப்பு' என்று விரித்துக்கொள்ளலாம். முதல் முறை எழுதும்போது ரெட்லைனிங் என்பதையும் கூடவே கொடுத்துவிடுவது நல்லது.

ஓரிடத்தில் இந்தச் சொல்லும் உதவாது. அதே வட்டாரங்களைத் தேடிப்போய் அதிக வட்டிக் கடனைத் தலையில் கட்டுவதை 'ரிவர்ஸ் ரெட்லைனிங்' என்கிறார்கள். 2008-இல் வெல்ஸ் ஃபார்கோ வங்கிமீது பால்டிமோர் நகராட்சி தொடுத்த வழக்கு அத்தகையது. அலுவலகத்தில் அந்தக் கடன்களைக் 'கெட்டோ லோன்', அதாவது சேரிக் கடன், என்று அழைப்பார்கள் என முன்னாள் ஊழியர் ஒருவர் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். வங்கி குற்றச்சாட்டை மறுத்தது. ஆனாலும் 2012-இல் கூட்டரசு நீதித்துறையுடன் சமரசம் செய்துகொண்டு குறைந்தது 17.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இங்கே மறுப்பே இல்லை, வலிந்து கொடுத்ததுதான் குற்றம். இதை 'வட்டாரக் கடன் சுரண்டல்' என்று தனியாகவே எழுத வேண்டும்.