சிவப்பு பட்டனின் ஒயர் எங்கே போகிறது?

வியாசர்பாடி, கொளத்தூர், திருவொற்றியூர் பக்கம் மொட்டைமாடி ஷெட்டிலும் வீட்டு முன்னறையிலும் கம்ப்யூட்டர் சொல்படி மரத்தைச் செதுக்கும் சின்ன சிஎன்சி ரூட்டர் வைத்திருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். பெயர்ப்பலகை, பூஜையறைக் கதவு, எம்டிஎஃப் ஜாலி என்று வேலை ஓடுகிறது. பேனல் வயரிங் என் தொழில் என்பதால், தாங்களே செய்த பெண்டன்டை, அதாவது மெஷினை இயக்கக் கையில் பிடிக்கும் கன்ட்ரோல் டப்பாவை, கொண்டுவந்து “ஒரு தடவை பாத்துடுங்கண்ணே” என்பார்கள். டப்பா அழகாக இருக்கும், கைச்சக்கரம் கிளிக் கிளிக்கென்று சுற்றும். நான் முதலில் கேட்பது, அதிலுள்ள எமர்ஜென்சி சிவப்பு பட்டனின் ஒயர் எங்கே போகிறது என்பதைத்தான்.

பெரும்பாலும் ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோல் போர்டின் ஏதோ ஒரு பின்னுக்குப் போகும். அமுக்கினால் ஆர்டுயினோ கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் மெஷினுக்குச் சொல்லும். விண்டோஸ் உறைந்துபோனாலோ யூஎஸ்பி கழன்றாலோ சொல்ல ஆளில்லை. எமர்ஜென்சி வருவதே பல நேரம் அப்படிப்பட்ட தருணத்தில்தான். இது தற்காலிகமாக நிறுத்தும் வெறும் ‘பாஸ்’ (pause) பட்டன், இருக்கட்டும், உதவும். ஆனால் நிறத்தை மாற்றிவிடுங்கள். சிவப்பைப் பார்த்தால் கை நம்பிப் போகும்.

உண்மையான எமர்ஜென்சி பட்டனுக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. 24 வோல்ட் காயில் உள்ள ஒரு கான்டாக்டர் (காயிலுக்குக் கரண்ட் இருக்கும்வரை மட்டும் மெயின் சப்ளையை இணைத்து வைக்கும் ஸ்விட்ச்), அந்தக் காயிலுக்குப் போகும் ஒயரில் பட்டனின் என்.சி. கான்டாக்ட் (சாதாரணமாக மூடியிருந்து, அமுக்கினால் திறப்பது), அவ்வளவுதான். அமுக்கினால் காயிலுக்கு சப்ளை போகாது, கான்டாக்டர் விழுந்து மெஷினுக்கான சப்ளையைத் துண்டிக்கும். அதற்குப் பதில், அமுக்கினால்தான் மூடும் என்.ஓ. கான்டாக்ட் போட்டால், பெண்டன்ட் கேபிளுக்குள் ஒரு ஒயர் அறுந்திருந்தாலும் தெரியாது. அமுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். காசிமேடு, எண்ணூர் பக்கம் உப்புக்காற்றில் கான்டாக்ட் கறுத்துப்போவது சகஜம். என்.சி.யில் அதே கோளாறு வந்தால் மெஷின் ஸ்டார்ட் ஆகாமல் எரிச்சலூட்டும். எரிச்சல் பரவாயில்லை. 230 வோல்ட் காயிலைப் போட்டு, அந்த ஒயரைக் கையில் பிடிக்கும் டப்பாவுக்குள் கொண்டுவருபவர்களும் இருக்கிறார்கள். மே மாத வியர்வைக் கையோடு அதைப் பிடிக்க எனக்கு மனம் வராது.

கான்டாக்டரை ஸ்டார்ட் பட்டனோடு செல்ஃப் ஹோல்டிங்கில் போடுங்கள், அதாவது ஸ்டார்ட்டை ஒரு முறை அமுக்கினால் கான்டாக்டர் தன் கான்டாக்ட் வழியாகவே தன்னைப் பிடித்துக்கொள்ளும்; கரண்ட் போனால் விட்டுவிடும். காளான் வடிவச் சிவப்பு பட்டனைத் திருகி விடுவித்த உடனே மெஷின் கிளம்பக் கூடாது. ஸ்டார்ட்டைத் தனியாக அமுக்கினால்தான் வர வேண்டும். கரண்ட் போய் வரும்போதும் இதே பாதுகாப்பு கிடைக்கும். வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டிலுக்குப் பதில் கையில் பிடிக்கும் ட்ரிம் ரூட்டரை மாட்டியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அதன் ஸ்விட்ச் ஆனிலேயே நிற்கும். பிட் மாற்றக் கை வைத்திருக்கும்போது கரண்ட் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எதைத் துண்டிப்பது? ஸ்பிண்டில் சப்ளையையும் எக்ஸ், ஒய், இசட் ஆக்சிஸ்களை (நகரும் திசைகளை) ஓட்டும் ஸ்டெப்பர் மோட்டார்களின் டிரைவர்களுக்கு டி.சி. தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஏ.சி. பக்கத்தையும். எஸ்எம்பிஎஸ்ஸின் கெப்பாசிட்டரில் மிச்சமிருப்பதால் மோட்டார் ஒரு கணம் ஓடித்தான் நிற்கும். டிரைவருக்கும் மோட்டாருக்கும் நடுவே துண்டிக்காதீர்கள், டிரைவர் எரிந்துவிடும். ஸ்பிண்டில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி.க்கும் அதே கதைதான்: மோட்டார் பக்கம் வேண்டாம், உள்ளே வரும் பக்கம் துண்டியுங்கள். அப்போதும் பிட் தன் வேகத்தில் கொஞ்ச நேரம் சுற்றும். எளிதில் சுழலும் பால் ஸ்க்ரூவில் (ball screw) கனமான ஸ்பிண்டில் தொங்கினால், கரண்ட் போனதும் மேலும் கீழும் நகரும் இசட் ஆக்சிஸ் இறங்கும். பிரேக்கோ ஸ்பிரிங்கோ வேண்டும். நின்ற பிறகு பொசிஷனை நம்பாமல் மறுபடி ஹோமிங் செய்து, மெஷின் தன் தொடக்க இடத்தைக் கண்டுபிடிக்க விடுங்கள்.

அப்புறம், ஆக்சிஸைக் கையால் நகர்த்த உதவும் கைச்சக்கரம். வழக்கமானது ஒரு சுற்றுக்கு 100 கிளிக். ஒரு கிளிக்குக்கு 0.1 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 10 மில்லிமீட்டர். வேகமாகச் சுற்றினால் சின்ன மெஷினால் ஈடுகொடுக்க முடியாது, கட்டளைகள் வரிசையில் சேர்ந்துவிடும். கை நின்ற பிறகும் ஆக்சிஸ் நகர்ந்துகொண்டே போகும். வேலைப் பொருளைப் பிடித்திருக்கும் வைஸ் மேல் பிட் மோதுவது இப்படித்தான். ஆர்டுயினோவில் ஓடும் மெஷின் கன்ட்ரோல் மென்பொருளான ஜிஆர்பிஎல் 1.1-ல், கையால் நகர்த்தும் ஜாகிங்குக்குத் தனிக் கட்டளையும், அதை உடனே ரத்து செய்யும் கட்டளையும் இருக்கின்றன. சக்கரம் நின்றதும் ரத்துக் கட்டளை போகும்படி உங்கள் நிரலை எழுதுங்கள். எந்த ஆக்சிஸ் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டரில் ‘ஆஃப்’ நிலை ஒன்று இருக்கட்டும், பெண்டன்டை மேஜையில் வைக்கும்போது சக்கரம் தற்செயலாகத் திரும்பும். பக்கவாட்டில் ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்தால் மட்டுமே நகரும்படி செய்தால் இன்னும் நல்லது.

பெண்டன்ட் கேபிள் ஷீல்டு (உலோக வலை உறை) உள்ளதாக இருக்கட்டும், ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள், ஸ்பிண்டில் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். சக்கரத்தை யாரும் தொடாமலே ஆக்சிஸ் தானாக நகர்ந்தால் முதல் சந்தேகம் வி.எஃப்.டி. கிளப்பும் மின் இரைச்சல் (நாய்ஸ்) மேல்தான். சக்கரம் வாங்கும்போது சுழற்சியைச் சொல்லும் ஏ, பி சிக்னல்கள் இரண்டுக்கும் எதிர் சிக்னலும் தரும் 6 டெர்மினல் வகையைக் கேளுங்கள். அதற்கேற்ற ரிசீவர் சிப்பும் பேனலில் இருந்தால்தான் பலன்.

எல்லாம் முடிந்ததும் பிட்டைக் கழற்றிவிட்டு, மெஷினைக் காற்றில் ஓடவிடுங்கள். ஓடும்போதே யூஎஸ்பியைப் பிடுங்கிவிட்டு சிவப்பு பட்டனை அமுக்குங்கள். கான்டாக்டர் விழும் சத்தம் கேட்க வேண்டும். பட்டனை விடுவியுங்கள், எதுவும் அசையக் கூடாது. மறுபடி ஸ்டார்ட் செய்து, இந்தத் தடவை பெண்டன்டின் பிளக்கையே கழற்றிப் பாருங்கள்; மெஷின் நிற்க வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்று நடக்கவில்லையென்றால் பேனலைத் திறக்கும் முன் மெயினை ஆஃப் செய்து, வி.எஃப்.டி. கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆக 10 நிமிடமாவது விட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.