ஐஸ் பிளான்ட் மோட்டார் கருகுமுன் கேட்க வேண்டியது: குறைந்த வோல்ட்டேஜும் உங்கள் உரிமையும்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியதும், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்து ஐஸ் பிளான்ட்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. அப்படி ஒரு மாலை 7 மணிக்கு, எனக்குத் தெரிந்த ஒருவருடைய பிளான்ட்டில் மும்முனை வோல்ட்டேஜ் 348-இல் நின்றது. 28 ஆம்பியர் எடுக்க வேண்டிய 20 எச்.பி. கம்ப்ரசர் மோட்டார் 34 ஆம்பியர் எடுத்தது. ஒரே சீசனில் இரண்டு முறை கருகிய மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டியவருக்கு மின்வாரிய அலுவலகத்தில் கிடைத்த பதில், 'உங்கள் மோட்டார் பழசு' என்பதுதான்.

மோட்டாரின் முறுக்குவிசை, அதாவது சுழற்றும் விசை, வோல்ட்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 415 இருக்க வேண்டிய இடத்தில் 348 வந்தால் ஏறத்தாழ 30 சதவீத விசை போய்விடும். பளு குறையாததால் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகிறது, காயிலின் இன்சுலேஷன் கருகுகிறது. தாழ்வழுத்த இணைப்பில் 6 சதவீதத்துக்கு மேல் வோல்ட்டேஜ் மாறக்கூடாது என்பது விதி. அதாவது ஏறத்தாழ 390-க்குக் கீழே இறங்கக்கூடாது. சேவைத் தரம் தவறினால் இழப்பீடு உண்டு என்று மின்சாரச் சட்டம் 2003-இன் 57-ஆம் பிரிவு சொல்கிறது.

இனி, பலர் தோற்றுப்போகும் இடங்களுக்கு வருவோம். இந்த வரம்பு மின்வாரியம் உங்களுக்கு மின்சாரம் தரும் முனைக்கு, அதாவது மீட்டருக்கு உரியது, மோட்டாருக்கு அன்று. மீட்டரிலிருந்து கம்ப்ரசர் வரை மெல்லிய கேபிளை நீளமாக இழுத்திருந்தால், அதில் குறையும் வோல்ட்டேஜுக்கு நீங்களே பொறுப்பு. ஆகவே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் முனையில், தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு மூன்று ஃபேஸையும் அளக்கச் செய்யுங்கள். அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்கு மேல் மோட்டார் மாட்டியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், ஏனெனில் புகார் கொடுத்த மறுநாளே விசாரணை உங்கள் மேல் திரும்பிவிடும்.

வயர்மேனிடம் வாயால் சொல்வது புகாராகாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். பிரிவு அலுவலகத்தில் எழுத்து மனு கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் கேளுங்கள். முத்திரை தர மறுத்தால் அன்றே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த பிளான்ட்டுக்காரர் ஏழு தடவை நேரில் போயும் அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை; விசாரணையின்போது, புகாரே வரவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

பார்வையிட வருபவர்கள் பெரும்பாலும் காலை 11 மணிக்கு, சுற்றுவட்டாரப் பளு குறைந்திருக்கும் நேரத்தில் வந்து, '410 இருக்கிறது' என்று எழுதிக்கொண்டு போவார்கள். மாலை 6 முதல் இரவு 10 வரை உள்ள அளவைப் பத்து நாளாவது நோட்டில் எழுதி, மீட்டர் திரையைத் தேதியுடன் படம் எடுத்து வைத்து, அதே நேரத்தில் வந்து அளக்கும்படி மனுவிலேயே கேளுங்கள். டிரான்ஸ்பார்மரில் டேப் (வெளிவரும் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மாற்றினாலே சில இடங்களில் குறை தீர்ந்துவிடும் என்பதால் அதையும் கேளுங்கள். புது டிரான்ஸ்பார்மருக்கு நீங்கள் பணம் கட்டச் சம்மதம் என்று ஒரு தாளை நீட்டினால், எந்த விதிப்படி என்று எழுத்தில் பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

பிரிவு அலுவலகம் அசையவில்லையென்றால், ராமநாதபுரம் மின்பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கு எழுதுங்கள். மனுக் கொடுக்க வழக்கறிஞர் தேவையில்லை. அதன் உத்தரவிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 30 நாட்களுக்குள் சென்னையிலுள்ள மின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தரம் தவறியதற்கான இழப்பீடு சிறு தொகைதான், காயில் கட்டும் செலவை அது ஈடுகட்டாது. அந்தச் செலவைத் தனியாகக் கேட்கச் சான்று வேண்டும். ஆகவே கருகிய மோட்டாரை அவசரப்பட்டுப் பட்டறைக்கு அனுப்பாமல், முதலில் படம் எடுங்கள். வோல்ட்டேஜ் குறைவால் அதிக கரண்ட் ஏறிக் கருகியது என்று பட்டறைக்காரர் கண்டால், அதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.