சூடாக்கித்தான் சாப்பிட்டனாங்கள், டொக்டர்

போன கிழமை ஒரு பின்னேரம், 4 மணி இருக்கும். வெள்ளவத்தையில் என் கிளினிக் வாங்கில் நாலு பேர் வரிசையாக இருந்தார்கள். நாலு பேரும் ஒரே ஒபிஸ். நாலு பேர் மடியிலும் ஒவ்வொரு ஷொப்பிங் பை, எதற்கென்று சொல்லத் தேவையில்லை. ஒபிஸில் சரஸ்வதி பூசையாம். ஆளுக்கொரு சாப்பாடு செய்துகொண்டு வந்து, பூசை முடிய 12.30க்குப் பகிர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். 3 மணிக்கு முதல் ஆள் சத்தியெடுக்கத் தொடங்கினார்.

ஐந்தாவதாக வந்தவர்தான் தயிர்ச் சாதம் செய்த அம்மா. அவருக்கும் சத்திதான், ஆனால் முகத்தில் வருத்தத்தைவிட வெட்கம்தான் கூடத் தெரிந்தது.

"எங்கட வீட்டில முட்டைகூடப் புழங்கிறேல்லை டொக்டர். எல்லாம் சுத்தமாத்தான் செய்தனான்."

"சோறு எத்தனை மணிக்குக் காய்ச்சினீங்கள் அம்மா?"

"முதல் நாள் இரவு 9 மணிக்கு."

"பிறகு எங்க வைச்சீங்கள்?"

"மேசையிலதான். சுடுசோற்றை எப்பிடி பிரிட்ஜில வைக்கிறது? விடிய எழும்பி, நல்லாச் சூடாக்கி, பால் விட்டு, ஆறினாப்பிறகு தயிர் போட்டுப் பிசைஞ்சனான்."

இதே பேச்சை இத்தனை வருடத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சாதத்தின் பெயர் மட்டும் மாறும். ஒருநாள் லெமன் ரைஸ், ஒருநாள் மரக்கறிப் பிரியாணி, இன்னொரு நாள் தக்காளிச் சாதம். யூடியூப் பார்த்து இந்தியச் சாத வகைகள் செய்வது இப்போது கொழும்பு வீடுகளில் நல்ல பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் சந்தோஷம்தான். என் வீட்டிலும் வெள்ளிக்கிழமை புளியோதரைதான். ஆனால் அந்தச் சோறு அடுப்பிலிருந்து இறங்கிய பிறகு எங்கே, எத்தனை மணி நேரம் இருந்தது என்பதை யாரும் கவனிப்பதில்லை.

முதலில் "சைவச் சாப்பாடுதானே" என்ற சமாதானம். இதை நீட்டி விளக்கப் போவதில்லை. நான் சொல்லும் கிருமி இறைச்சியைத் தேடி வருவதில்லை. அது மண்ணில் வாழ்வது, நெல்லோடு சேர்ந்தே வீட்டுக்கு வருவது. பசில்லஸ் சீரியஸ் என்று பெயர். கீரிச்சம்பாவிலும் இருக்கும், கூடக் காசு கொடுத்து வாங்கும் பாஸ்மதியிலும் இருக்கும். அரிசியை ஏழு தரம் கழுவினாலும் முழுதாகப் போகாது.

என் பொறுமையைச் சோதிப்பது மற்றது: "நல்லாச் சூடாக்கித்தான் சாப்பிட்டனாங்கள்." இதைச் சொல்லாத நோயாளி இல்லை. படித்தவர்களும் சொல்கிறார்கள். ஒரு தாதி என்னிடம் சொன்னார். ஒருமுறை இன்னொரு வைத்தியரே சொன்னார், பெயரைச் சொல்லி மானத்தை வாங்கப் போவதில்லை. ஆகவே இதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

இந்தக் கிருமி வித்து நிலையில் இருக்கக்கூடியது. கோடையில் காய்ந்து கிடக்கும் வயலில் புல் விதை கிடந்து, முதல் மழைக்கு முளைக்கிறதல்லவா, அப்படி. சோறு கொதிக்கும்போது சாதாரணக் கிருமிகள் செத்துப்போகும், இந்த வித்துகளில் பல சாகாது. சோறு வெந்து, பானை மெல்ல ஆறி, இளஞ்சூடாக ஈரத்தோடு மூடிக் கிடக்கும்போது அவை முளைக்கின்றன. கிட்டத்தட்ட 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடு அவற்றுக்கு வாய்ப்பானது, அதிலும் 30ஐச் சுற்றிய சூடு மெத்தப் பிடிக்கும். கொழும்பில் பகலில் 30, 31. இரவில் பெரும்பாலும் 22க்கும் 26க்கும் இடையில். வருடம் முழுக்க நம் குசினி அந்தக் கிருமிக்கு ஏற்ற சூட்டில்தான் இருக்கிறது.

முளைத்துப் பெருகும்போது அது சோற்றுக்குள் ஒரு நஞ்சை விடுகிறது. சத்தியை உண்டாக்குவது அந்த நஞ்சு. சூடாக்கினால் கிருமி சாகலாம், நஞ்சு சாகாது. அது உயிருள்ள பொருளே இல்லை, பிறகு எப்படிச் சாகும்? பிரஷர் குக்கருக்குள் இருக்கும் சூடு, அதாவது 121 பாகையில், ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அது அப்படியே இருக்கும். உங்கள் மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் எந்த மூலைக்கு? கறியில் உப்புக் கூடிவிட்டால் திரும்பக் கொதிக்கவைத்து உப்பை எடுத்துவிடலாம் என்று நினைக்கிற ஆட்கள் உண்டா? இல்லைத்தானே. இதுவும் அப்படித்தான். காலையில் ஆவி பறக்கச் சூடாக்கியது, இரவு நடந்ததை மாற்றாது.

"மணக்கேல்லையே டொக்டர்" என்பார்கள். மணக்காது. நிறமும் மாறாது, நூலும் விடாது, ருசியிலும் தெரியாது. சோறு பழுதாகி மணப்பதற்கு வேறு கிருமிகள் காரணம், அவை எப்போதும் முந்திக்கொள்ளும் என்று யார் சொன்னது? மூக்கை நம்பிச் சாப்பிட்டவர்கள்தான் என் வாங்கில் வந்து இருக்கிறார்கள்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் சீன உணவகங்களில் பிரைட் ரைஸ் சாப்பிட்டவர்களுக்குத் தொடர்ந்து சத்தி வந்தபோதுதான் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அங்கே நடந்ததும் இதேதான். சோற்றைப் பெருமளவில் முதல் நாளே அவித்து, உதிரியாக வரட்டும் என்று வெளியில் வைத்து, மறுநாள் நெருப்பில் வறுத்தார்கள். பெல்ஜியத்தில் 2008இல் 20 வயது மாணவர் ஒருவர் ஐந்து நாள் வெளியில் கிடந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்டு, ஈரல் பாதிக்கப்பட்டு இறந்தார். இப்படி நடப்பது மிக அரிது, அடுத்த சத்திக்கு யாரும் பயந்து நடுங்க வேண்டாம். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். ஆனால் "வெறும் மாச்சாப்பாடு என்ன செய்யும்" என்ற இளக்காரம் வேண்டாம்.

ஒவ்வொரு சாதத்துக்கும் இதில் ஒவ்வொரு கதை.

லெமன் ரைஸுக்குச் சோறு ஆறியிருக்க வேண்டும், சுடச்சுடத் தேசிக்காய்ப் புளி விட்டால் கசக்கும், கிளறினால் குழையும். அதற்காக முதல் நாளே காய்ச்சி வைக்க வேண்டியதில்லை. பழைய ஆட்கள் செய்ததைப் பாருங்கள்: வடித்த சோற்றை அகலமான தாம்பாளத்தில் கொட்டி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பரப்பி விடுவார்கள். ஃபானுக்குக் கீழே வைத்தால் 20 நிமிடத்தில் ஆறிவிடும், பருக்கையும் உதிரியாக நிற்கும். கடுகு, உளுந்து, கடலைப்பருப்பு, கச்சான், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை என்று தாளிதம் முடிவதற்கும் சோறு ஆறுவதற்கும் சரியாக இருக்கும். அதே சோற்றை ரைஸ் குக்கர் சட்டிக்குள்ளேயே மூடி வைத்தால் நடுப்பகுதி பல மணி நேரம் இளஞ்சூடாகவே கிடக்கும்.

புளியோதரை தாங்கும் என்பது உண்மைதான். கோயிலுக்கும் தூரப் பயணத்துக்கும் அதைக் கட்டிக்கொண்டு போனவர்கள் முட்டாள்கள் இல்லை. வற்றக் காய்ச்சிய புளிக்காய்ச்சலின் புளிப்பும் உப்பும் கிருமிக்குப் பிடிக்காது. ஆனால் அது கெட்டியான புளிக்காய்ச்சலைப் புதுச் சோற்றில் தாராளமாகப் பிசைந்தவர்களின் கதை. பிள்ளைக்குப் புளிக்கும், அப்பாவுக்கு நெஞ்செரியும் என்று நாலு கரண்டியை ஒரு கரண்டியாக்கி, மஞ்சள் நிறத்துக்காகக் கிளறினால் பெயர்தான் புளியோதரை. அதிலும் நேற்றைய சோறு என்றால் நஞ்சு ஏற்கெனவே உள்ளே. அதற்கு மேல் எவ்வளவு புளி விட்டும் பயனில்லை.

தயிர்ச் சாதத்திலும் இதே கதைதான். தயிரின் புளிப்புத்தான் பாதுகாப்பு. மத்தியானம் வரை புளிக்காமல் இருக்கட்டும் என்று பாலைக் கூட விட்டுத் தயிரைக் குறைப்பதுதான் வழக்கம். ருசிக்கு நல்ல யோசனை. பாதுகாப்புக்கு, வாசல் கதவைத் திறந்துவிட்டுப் படுப்பது போல. பால் விட்டுப் பிசைந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், இல்லையென்றால் பிரிட்ஜில் வையுங்கள். இன்னொன்று, கையால் பிசைகிற சாதம் இது. விரலில் புண், நகச்சுத்தி, கொப்புளம் இருப்பவர்கள் அன்று கரண்டியைப் பிடியுங்கள். அந்தப் புண்ணிலிருந்து இறங்கும் வேறொரு கிருமியின் நஞ்சும் சூட்டுக்கு அசையாது.

பிரியாணி பற்றி ஒன்றுதான். அரை வேக்காட்டுச் சோறு, மரக்கறி, பெரிய அண்டா, இறுக்கமான மூடி. விருந்து முடிந்து மிஞ்சியதை அண்டாவோடு விட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள்.

மஞ்சள், பெருங்காயம், இஞ்சி எல்லாம் கிருமிநாசினி என்று வாட்ஸ்அப்பில் வந்ததை எனக்கு அனுப்புகிறவர்களுக்கு: வாசத்துக்குப் போடுங்கள், நன்றாக இருக்கும்.

பழஞ்சோறு சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம் என்று கேட்பீர்கள். தண்ணீர் விட்டுப் புளிக்கவிட்ட சோறு வேறு, அதில் புளிப்பை உண்டாக்கும் கிருமிகள் முந்திக்கொண்டு மற்றதை அடக்கும். மேசையில் மறந்துவிட்ட சோறு வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள்.

சரி, ஏன் நம் ஆட்கள் பிரிட்ஜில் வைப்பதில்லை? ஒன்று, சுடுசோறு வைத்தால் பிரிட்ஜ் பழுதாகும் என்ற பயம். கொதிக்கக் கொதிக்கப் பெரிய பானையை வைக்கச் சொல்லவில்லை. பரப்பி, ஆவி அடங்கவிட்டு, தட்டையான இரண்டு மூன்று பெட்டிகளில் போட்டு, காய்ச்சி ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். பிரிட்ஜுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த நாளுக்குள் சாப்பிட்டு முடியுங்கள், ஒரு தடவைதான் சூடாக்கலாம்.

இரண்டாவது காரணம் பூசை வீடுகளில். பிரிட்ஜில் வைத்தது பழசு, சாமிக்குப் படைக்கக் கூடாது என்று அதை வெளியில் வைக்கிறார்கள். அந்தப் பக்தியில் நான் கை வைக்கவில்லை. ஆனால் இரவு முழுக்க வெளியில் கிடந்தது மட்டும் எப்படிப் புதுசாகும்? படைப்பதற்கு விடியக் காய்ச்சுங்கள் அம்மா, அரை மணி நேர வேலைதான். தயவுசெய்து.

மூன்றாவது காரணம் 2022 என்பது என் எண்ணம். காஸ் இல்லை, ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. அப்போது கிடைத்த நேரத்தில் ஒரேயடியாகச் சமைத்து வைக்கப் பழகினோம். அடுத்த வருடம் மின்கட்டணம் ஏறியதும் ரைஸ் குக்கரின் சூடுகாக்கும் பொத்தானையும் அணைக்கப் பழகினோம். அந்தப் பொத்தான் எரியும்வரை சோறு 60 பாகைக்கு மேல் நிற்கும், கிருமி தலைதூக்காது. பில்லுக்குப் பயந்து அணைத்தால், அணைத்த கையோடு சோற்றையும் வெளியே எடுத்துப் பரப்ப வேண்டும். மூடியபடி விடுவதுதான் பிழை.

பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிக்கு வருகிறேன். விடிய 5 மணிக்குப் புதிதாகக் காய்ச்சி, ஆறவைத்து, புளிப்பைக் குறைக்காமல் கிளறிக் கட்டினால் இடைவேளைக்குச் சாப்பிடலாம். பிரச்சினை மிச்சம் வைப்பதில். பாதியைச் சாப்பிட்டுவிட்டு, பள்ளி விட்டு, பின்னேர டியூஷனுக்குப் போகும் வழியில் மற்றப் பாதியைச் சாப்பிடுகிறார்கள். பெட்டியில் மிஞ்சினால் கொட்டச் சொல்லுங்கள், அதற்காகப் பிள்ளையை ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்துதான் அது சாப்பிடுகிறது. டியூஷனுக்கு ஒரு வாழைப்பழமும் பிஸ்கட்டும் தனியாகக் கொடுத்துவிடலாம்.

இவ்வளவும் சொல்லி, வந்துவிட்டால் என்ன செய்வது? இதற்குப் பெரும்பாலும் நாங்கள் பரிசோதனை எதுவும் செய்வதில்லை. மணிக்கூட்டைக் கேட்டே ஊகிக்கிறோம். சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் சத்தி என்றால் இந்த நஞ்சைச் சந்தேகிப்போம். இதே கிருமியின் இன்னொரு வகை வயிற்றோட்டத்தைத் தரும், அதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஃபார்மஸியில் போய் அன்டிபயோட்டிக் வாங்கிப் போடாதீர்கள், நஞ்சுக்கு அது எதுவும் செய்யாது. சத்தியில் போன நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூளைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரையுங்கள். பாதியை ஒரு கிளாஸில் கலக்கும் கணக்கெல்லாம் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று குடித்தால் தங்கும், மடக்கென்று குடித்தால் அப்படியே வெளியே வரும்.

கைக்குழந்தை, கர்ப்பிணி, வயது போனவர்கள், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். சிறுநீர் குறைந்தாலோ, அரைத்தூக்கமாகக் கிடந்தாலோ, கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, இரத்தம் போனாலோ, சத்தி ஒரு நாளுக்கு மேல் நீண்டாலோ ஆஸ்பத்திரிதான். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்காது. காய்ச்சலும் சேர்ந்து இருந்தால் சோற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்காதீர்கள். இது கொழும்பு, டெங்குவும் சத்தியோடு வரும். வந்து இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.