சொல்லுதேன், படிக்கேன்: பிள்ளைக்கு இலக்கணம் பிடிபடும் விதம்

திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி ‘சொல்லுதேன்’, ‘ஓடுதேன்’ என்பார். ஆனால் ‘படிக்கேன்’, ‘நடக்கேன்’ என்பார். எந்த வினைக்கு எது என்று கேட்டால் அவருக்கே விளக்கத் தெரியாது. மடியில் கிடக்கும் பேரப்பிள்ளையோ நாலு வயதுக்குள் அதைப் பெரும்பாலும் சரியாகவே பேசிவிடும்.

முதல் வேலை காதுக்கு. 1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் தகர, டகர ஒலிகளைக் கேட்கவிட்டார்கள். 6–8 மாதத்தில் வேறுபாடு தெரிந்தது. 10–12 மாதத்தில் அது மங்கிவிட்டது. நம் வீட்டில் ‘பத்து’, ‘பட்டு’ இரண்டும் தினமும் காதில் விழுவதால் மங்குவதில்லை.

அடுத்தது, சொல்லைப் பிரிப்பது. பேச்சில் சொல்லுக்குச் சொல் இடைவெளி ஏது? எண்ணெய் தேய்க்கையில் ‘கையநீட்டு’, ‘காலநீட்டு’ என்று ஒரே இழுப்பாக வரும். ‘நீட்டு’ மாறவில்லை, முன்னால் உள்ளது மாறுகிறது. ஆக, வெட்டவேண்டிய இடம் அதுதான். எந்த அசைக்குப் பின் எந்த அசை வருகிறது என்று 8 மாதக் குழந்தையே கணக்கு வைக்கிறது. ஜென்னி சாஃப்ரான் குழு 1996இல், பொருளற்ற அசைகளை வெறும் 2 நிமிடம் ஒலிக்கவிட்டு இதைக் காட்டியது. வீட்டிலோ சொல் விழும்போதே கையும் காலும் இழுபடுவதால் பொருளும் கூடவே ஒட்டிக்கொள்ளும்.

பிசகும்போதுதான் உள்ளே நடப்பது தெரியும். ‘போ–போனேன்’ போல ‘வா–வானேன்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், அது யாரிடமும் கேட்டதல்ல. விதியைப் பிடித்து நீட்டிப் பார்க்கிறது. கேலி வேண்டாம். ‘வந்தியா? எப்ப வந்த?’ என்று சரியான வடிவத்தைப் போட்டுப் பேச்சைத் தொடர்ந்தால் போதும்.

செல்போனைக் கொடுத்தால் பேச்சு வந்துவிடும் என்பது வீண் நம்பிக்கை. பட்ரிசியா கூல் குழு 2003இல் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் சீன மொழியை 12 முறை, முறைக்குச் சுமார் 25 நிமிடம் கேட்கவைத்தது. ஆள் எதிரே உட்கார்ந்து பேசியபோது ஒலி பிடிபட்டது. திரையில் பேசியபோது பிடிபடவில்லை.

பாபநாசம் மலையின் இஞ்சிக்குழி, சின்னமயிலாறு போன்ற காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் சிக்கல் கூடுதல். பள்ளிப் பாடம் தமிழில். அவர்களின் சொந்த மொழியான காணிப் பேச்சு புழங்க வீடும் குடியிருப்பும்தான் இடம். படிப்பு கெடுமோ என்று பெற்றோர் பிள்ளையிடம் தமிழுக்கு மாறிவிட்டால், மூத்தவர்கள் பேசுவது பிள்ளைக்குப் புரியும். பதில் மட்டும் தமிழில் வரும். இரண்டு மொழி கேட்பதால் குழந்தை குழம்பிவிடாது. பதில் எதில் வந்தாலும், குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் வீட்டில் ஒருவராவது காணிப் பேச்சிலேயே பேசிக்கொண்டிருக்க வேண்டும்.