‘தீவிரத் தீமை’ அல்ல, வேர்த் தீமை

மனித இயல்பே தீயதா என்ற பேச்சு வந்தால் ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் பெயரும் வரும். கூடவே, அவருடைய ‘ராடிக்கல்’ தீமைக்குத் தமிழாக ‘தீவிரத் தீமை’ என்ற சொல்லும் வந்துவிடும். கட்டுரை, உரை, மொழிபெயர்ப்பு என்று எங்கும் இதைப் பார்த்துச் சலித்துப்போயிற்று. பொருத்தம் கொஞ்சம் குறைவு என்றால் விட்டுவிடலாம். இது கான்ட் சொன்னதற்கு ஏறக்குறைய எதிரான பொருளைத் தருகிறது.

சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் ராடிக்ஸ் என்றால் வேர். ‘ராடிக்கல்’ என்றால் வேரைச் சேர்ந்தது. கான்ட் 1792-இல் ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லைத் தீமையோடு சேர்த்து எழுதினார். அடுத்த ஆண்டு வந்த சமயம் பற்றிய நூலில் அதுவே முதல் பகுதியானது. பின்னால் அரசியலில், அமைப்பை வேரோடு மாற்றச் சொன்னவர்களுக்கு ராடிக்கல் என்று பெயர் விழுந்தது. நாளடைவில் அது கடும்போக்கு என்ற அளவுக்குச் சுருங்கியது. நாம் எடுத்துக்கொண்டது அந்தச் சுருங்கிய பொருளைத்தான். ‘தீவிர இடதுசாரி’ என்று செய்தி எழுதிப் பழகிய கை, தத்துவத்தைத் தொட்டபோதும் அதே சொல்லைப் போட்டுவிட்டது.

தீவிரம் என்பது அளவைச் சொல்லும் சொல். காய்ச்சல் தீவிரமாகிறது, மழை தீவிரமாகிறது. ஆகவே ‘தீவிரத் தீமை’ என்று படித்ததும் சித்திரவதையும் இனப்படுகொலையும்தான் நினைவுக்கு வரும். கான்ட் கேட்டதோ, தீமை எவ்வளவு பெரிது என்பதை அல்ல. அது எங்கே இருக்கிறது என்பதை. மனிதனுக்கு அறமும் தெரியும், தன்னலமும் உண்டு. இரண்டில் எதை முன்னே வைத்து நடப்பது என்று அவன் மனத்துக்குள் வகுத்துக்கொள்ளும் வரிசையில்தான் தீமை இருக்கிறது என்பது அவர் விடை. ‘எனக்கு இடைஞ்சல் வராதவரை அறப்படி நடப்பேன்’ என்று வரிசையைப் புரட்டி வைத்தவன், கடைசிவரை ஒரு குற்றமும் செய்யாமலே இருந்துவிடலாம். 1785-இல் வந்த நூலில் கான்ட் ஒரு கடைக்காரரைக் காட்டுகிறார். விவரம் தெரியாத குழந்தையிடமும் அவர் கூடுதல் விலை வாங்குவதில்லை. வியாபாரம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. செயலில் பிழை இல்லை, அதற்கு அறமதிப்பும் இல்லை. நல்ல செயலுக்குள் இப்படித் தன்னலம் கலந்திருப்பதைச் சமயம் பற்றிய பிந்தைய நூல் தீமையின் படிகளில் ஒன்றாகவே எண்ணுகிறது. அந்தக் கடைக்காரரிடம் ‘தீவிரமாக’ என்ன இருக்கிறது? தீமைக்காகவே தீமை செய்யும் பேய்த்தன்மை மனிதனுக்கு இல்லை என்று சொன்னவரும் இதே கான்ட்தான்.

‘பழகிவிட்டது, விடுங்கள்’ என்பார்கள். சரி, ஒரே ஒரு சோதனை. அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1951-இல் நாஜி முகாம்களைப் பற்றி எழுதியபோது இந்த ‘ராடிக்கல்’ தீமை என்ற சொல்லைத் தன் போக்கில் எடுத்தாண்டார். யூதப் படுகொலையில் பங்கெடுத்த நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கைப் பார்த்த பிறகு கருத்தை மாற்றிக்கொண்டு, 1963-இல் யூத சமய அறிஞர் கெர்ஷோம் ஷோலெமுக்கு ஒரு கடிதம் எழுதினார். தீமை ஒருபோதும் ‘ராடிக்கல்’ ஆவதில்லை, ‘எக்ஸ்ட்ரீம்’, அதாவது அளவு மீறியதாக, மட்டுமே இருக்கும். அதற்கு ஆழம் கிடையாது, ஆழம் நன்மைக்கே உண்டு என்பது அதன் சாரம். ‘எக்ஸ்ட்ரீம்’ என்பதற்கும் தீவிரம் என்றே எழுதுகிறோம். ஆகவே வழக்கமான சொல்லை வைத்து இதைத் தமிழாக்கினால் ‘தீமை தீவிரமானது அல்ல, தீவிரமானது மட்டுமே’ என்றுதான் வரும். அரெண்ட் எதிரெதிராக நிறுத்திய இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ‘தீமைக்கு வேர் இல்லை, அளவு மீறல்தான் உண்டு’ என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் தானாக நிற்கும்.

தீவிரம் வடசொல் என்பதற்காக நான் அதை விரட்டவில்லை. வேறு சொல்லாக எடுக்கக்கூடிய ‘மூலம்’ என்பதும் வடசொல்தான், வர்க்கமூலம் என்று கணக்கில் அது வேர்ப்பொருளைச் சரியாகவே சுமக்கிறது. ஆனால் ‘மூலத் தீமை’ என்றால் சைவ சித்தாந்தம் படித்தவருக்கு மூலமலம், அதாவது ஆணவம், உடனே நினைவுக்கு வரும். அது செம்பில் களிம்புபோல உயிரோடு தொடக்கம் இல்லாமலே கலந்திருப்பது. கான்ட் சொல்லும் தீமை, மனிதன் தன் விருப்பத்தால் ஏற்றுக்கொண்டது. ‘பிறவித் தீமை’யிலும் இதே சிக்கல். ஆதிப் பெற்றோரிடமிருந்து வழிவழியாக வந்தது என்ற விளக்கத்தை, இருப்பவற்றிலேயே மிகப் பொருந்தாதது என்று அவர் தள்ளிவிட்டார். தேர்ந்தவன் அவனே என்றால்தானே அவனைப் பழிக்க முடியும்? ‘அடிப்படைத் தீமை’ தவறில்லை. ஆனால் அடிப்படை வசதி, அடிப்படைச் சம்பளம் என்று தேய்ந்துபோன சொல் அது, படிப்பவர் மனத்தில் எதுவும் தங்காது.

வேர்த் தீமை என்பதே என் தேர்வு. ‘கோளாறு வேரிலேயே இருக்கிறது’ என்று எல்லோரும் பேசுகிறோம். பொருள் விளங்காமல் யாரும் விழிப்பதில்லை. எண்ணத்தில் தீமையைத் தேடுவதும் தமிழுக்குப் புதிதல்ல. ‘உள்ளத்தால் உள்ளலும் தீதே’ என்கிறது குறள் (282). பிறன் பொருளைக் களவாடுவோம் என்று நினைப்பதே தீது. கை நீள வேண்டியதில்லை.

அப்புறம், ‘தீமை’ என்ற பாதியையும் கவனிக்க வேண்டும். துன்பம் தருவதற்கு ஒரு சொல், எண்ணத்தால் கெட்டதற்கு ஒரு சொல் என்று ஜெர்மனில் இரண்டு இருப்பதையும், லத்தீனில் இரண்டுக்கும் ஒன்றே இருப்பதையும் கான்ட் 1788-இல் சுட்டிக்காட்டினார். நமக்குத் தீங்கு இருக்கிறது, தீமை இருக்கிறது. நிலநடுக்கம் தீங்கு, அதற்கு எண்ணம் கிடையாது. ஆனால் மொழிபெயர்ப்புகளில் நிலநடுக்கமும் தீமை, நோயும் தீமை, பொய்சாட்சியும் தீமை. கையில் இருக்கும் இரண்டு சொல்லையும் ஒன்றாக்கிவிட்டு, தமிழில் தத்துவம் எழுதச் சொற்கள் போதவில்லை என்றும் சொல்கிறார்கள்.