ரெசிலியன்ஸ்: மீள்திறனா, மீண்டெழுதலா?

ஒரு பெருநகரத்தில் குண்டு வெடித்தால், மறுநாள் டிவி விவாதத்தில் 'ரெசிலியன்ஸ்' என்ற சொல் தவறாமல் வந்துவிடும். அடி விழுந்த ஊர் முடங்கிவிடாமல் வழக்கத்துக்குத் திரும்புவதை அப்படிப் பாராட்டுவார்கள். மும்பையில் இதற்கு 'மும்பை ஸ்பிரிட்' என்று உள்ளூர்ப் பெயரே இருக்கிறது. தமிழில் மீள்திறன், தாங்குதிறன், நெகிழ்திறன், மீண்டெழும் ஆற்றல் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம்.

மூலம் லத்தீன். 'சலீரே' என்றால் குதித்தல். முன்னால் 'ரெ' சேர்ந்து 'ரெசிலீரே' ஆகும்போது, எகிறித் திரும்புதல். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் எதிரொலியைப் பற்றி எழுதும்போது இதைப் பயன்படுத்தினார். 19ஆம் நூற்றாண்டில் சொல் பொறியாளர்கள் கைக்குப் போனது. அடியை வாங்கிக்கொண்டு, சுமை நீங்கியதும் பழைய வடிவத்துக்கு வரும் மரம், இரும்பு ஆகியவற்றின் பண்பு என்றானது. இதற்கு ஓர் எல்லை உண்டு. பள்ளி இயற்பியலில் 'மீட்சி எல்லை' என்று படித்திருப்போம். அதைத் தாண்டி இழுத்த கம்பி பழையபடி வராது. 1973-இல் கனடாவின் சூழலியலாளர் ஹாலிங் இந்தச் சொல்லை வேறு பக்கம் திருப்பினார். பழைய நிலைக்கு எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று அவர் பார்க்கவில்லை. மாற்றங்களை உள்வாங்கிக்கொண்டு ஒரு காடோ ஏரியோ எப்படி நீடிக்கிறது என்று பார்த்தார். உளவியல், பேரிடர் மேலாண்மை எல்லாம் அப்புறம் வந்து சேர்ந்தவை.

இனி மும்பைக்கு வருவோம். 2006 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை மாலை. ஆபீஸ் விட்டுத் திரும்பும் நேரம். மேற்கு ரயில்வேயின் புறநகர் ரயில்களில், முதல் வகுப்புப் பெட்டிகளில், 11 நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. மாட்டுங்கா ரோடு, மாஹிம், பாந்த்ரா என்று போரிவலியையும் தாண்டி அந்தப் பாதை நெடுகிலும் சாவு. 180-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளிலிருந்து ஓடிவந்தவர்கள்தான் பல இடங்களில் முதலில் கைகொடுத்தார்கள். ஸ்ட்ரெச்சர் இல்லாததால் வீட்டுப் படுக்கை விரிப்புகளில் கிடத்தித் தூக்கிப் போனார்கள். மறுநாள் ரயில் ஓடியது, கூட்டமும் ஏறியது. பங்குச் சந்தை அன்று விழுவதற்குப் பதில் ஏறியே முடிந்தது.

பாராட்டு மழை பொழிந்தது இதற்குத்தான். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. படுக்கை விரிப்போடு ஓடிவந்ததைப் பாராட்ட எந்தச் சொல்லும் போதாது. ஆனால் மறுநாள் ரயிலேறியது வேறு கணக்கு. வடக்குப் புறநகரான விராரிலிருந்து தெற்கு மும்பையின் சர்ச்கேட் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ரயிலை விட்டால் அந்த ஜனத்துக்கு வேறு என்ன வழி? ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. 'ஸ்பிரிட்' என்று கேட்டாலே எரிச்சல்படும் மும்பைக்காரர்கள் நிறைய இருப்பது இதனால்தான். வேறு வழியில்லாமல் செய்ததற்கு மெடல் எதற்கு என்பது அவர்கள் கேள்வி.

2008 நவம்பர் 26-இல் மும்பையின் ரயில் முனையம், ஹோட்டல்கள் என்று பல இடங்களில் பயங்கரவாதிகள் தாக்கியபோது இந்தப் பாராட்டு எடுபடவில்லை. அன்றிரவு சத்ரபதி சிவாஜி ரயில் முனையத்தில் அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே, துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவிலும் தன் அறையை விட்டுப் போகாமல், பின்பக்க வழியாக வெளியேறுங்கள் என்று மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனையோ பயணிகள் அதனால் தப்பினார்கள். ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 3 அன்று, கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் ஆயிரக்கணக்கானோர் கூடி அரசியல்வாதிகளைக் கேள்வி கேட்டார்கள். மத்திய உள்துறை அமைச்சரும் மாநில முதல்வரும் பதவி விலக வேண்டியதாயிற்று. மகாராஷ்டிரம் 'ஃபோர்ஸ் ஒன்' என்ற தனிப்படையை அமைத்தது. ஹோட்டல் வாசலில் பையைத் திறந்து காட்டுவது பழக்கமானது. பழைய வடிவத்துக்குத் திரும்பிய ஊர் இல்லை இது. ஹாலிங் சொன்ன பொருள்தான் இங்கே பொருந்துகிறது.

சரி, தமிழில் எதை எழுதுவது? தாங்குதிறன் பாலத்துக்கும் தூணுக்கும் உரியது. எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதோடு அதன் பொருள் நின்றுவிடும். நெகிழ்திறன் வளைந்துகொடுப்பதை மட்டும் சொல்கிறது, அடி விழுந்ததைச் சொல்லவில்லை. 'மீள்தன்மை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். ரப்பர் நினைவுக்கு வரும், மனிதர்களுக்கு வேண்டாம். மீள்திறன் இப்போது நன்றாகப் பரவிவிட்டது. ரயில், மின்சாரம், மருத்துவமனை போன்ற அமைப்புகளைப் பற்றிப் பேசும்போது அதையே வைத்துக்கொள்ளலாம்: 'நகரப் போக்குவரத்தின் மீள்திறன்'. மக்களைப் பற்றி என்றால் வினையாகவே சொல்லிவிடுவது நல்லது. 'மும்பை மக்களின் மீள்திறன் வெளிப்பட்டது' என்பதைவிட 'மும்பை மக்கள் மீண்டெழுந்தார்கள்' என்பது காதுக்கும் இதமாக இருக்கிறது, எழுந்தது யார் என்பதும் தெரிகிறது. வயிற்றுப்பாட்டுக்காக மறுநாளே வேலைக்குப் போனவர்களைக் குறிக்க நம் பேச்சுவழக்கில் 'தாக்குப்பிடித்தார்கள்' இருக்கிறது. அதைச் செய்தித்தாளிலும் தாராளமாக எழுதலாம்.